ஆயிரத்துக்கு நாற்பது கட்டு

சேரன்மகாதேவி சார்நிலைக் கருவூலத்தில்
வருஷத்துக்கு ஒருமுறை
நாங்கள் உயிரோடிருப்பதாக நிரூபிக்க வேண்டும்.
இந்த முறை ஒரே பெஞ்சு.
இந்த முனையில் நான், முன்னாள்.
அந்த முனையில் தங்கப்புஷ்பம், முன்னாள்.
நடுவில் அவள் குடை.

முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள்.
வேறு ஆள் அகப்படாத ஒரு வருஷம்
கட்சி கூப்பிட்டு நிறுத்தியது.
ஜெயித்த அன்று சாயங்காலமும்
கடைக்குக் கொடுக்க முந்நூறு பீடி பாக்கி என்று
சுளகை மடியில் வைத்துக்கொண்டாளாம்.
மாலையோடு வந்தவர்கள்
தூள் நெடியில் வரிசையாகத் தும்மினார்கள்.
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சட்டமன்றத்தில் அவள் கேட்ட கேள்வி பதினான்கு.
பன்னிரண்டுக்கு, அரசின் பரிசீலனையில் உள்ளது.
பதின்மூன்றாவது கன்னடியன் கால்வாய்,
கடைமடை வயல், கருகின நாற்று.
மூன்றாம் தடவையும் அதே பதில் வந்ததும்
எழுந்து நின்று
"கேளும்வே அமைச்சரே, தண்ணி எங்கவே?"
என்று கேட்டுவிட்டாள்.
எங்கள் பக்கம் அது மரியாதையும் இல்லை,
மரியாதைக் குறைவும் இல்லை.
பக்கத்தில் வந்து உட்காரச் சொல்வது.
சென்னையில் அது விளங்காமல்
இரண்டு 'வே'யையும் அவைக் குறிப்பிலிருந்து நீக்கினார்கள்.
அச்சில் இருப்பது இவ்வளவுதான்:
அமைச்சர் அவர்களே, தண்ணீர் எங்கே?
யார் கேட்டாலும் அச்சில் அப்படித்தான் இருக்கும்.
அவளைத் தோற்கடித்துவிட்டுப் போய்
நான் கேட்ட முதல் கேள்வியும் அப்படித்தான் இருக்கிறது.
அப்போதும் பரிசீலனையில்தான் இருந்தது.

பதினான்காவதுக்குப் பதில் வருமுன்
அவையைக் கலைத்துவிட்டார்கள்.
என்ன கேட்டிருந்தாள் என்று
நானும் தேடிப் பார்க்கவில்லை.

ஓட்டு எண்ணினது பாளையங்கோட்டையில்,
ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில்.
இருபத்தைந்து சீட்டு ஒரு கட்டு.
நாற்பது கட்டு ஆயிரம்.
பீடிக்கும் அதே கணக்குதான் என்று
எங்கள் ஏஜெண்டுகள் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.
அவள் கம்பி வலைக்குப் பின்னால்
ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்,
எதிலும் சேராதவள் மாதிரி.
விடிகாலை நாலு மணிக்கு
ஒரு சீட்டில் முத்திரை கோட்டின்மேல் விழுந்திருந்தது,
முக்கால்வாசி அவள் சின்னத்துப் பக்கம்.
செல்லாது என்றேன். கத்தித்தான் சொன்னேன்.
அடுத்தது வந்தது. செல்லாது.
அடுத்தது.
அதிகாரிக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது,
எனக்கு எதிரே பால் வேன் ஒன்று
சீட்டி அடித்துக்கொண்டு போனது ஞாபகம்.
காலையில் என்னைத் தோளில் தூக்கினார்கள்.
நூற்றுப் பதினேழு ஓட்டு.

கருவூலத்துப் பெண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
கண்ணாடிப் பெட்டியில் தங்கப்புஷ்பம் விரலை வைத்தாள்.
சிவப்பு.
துடைத்துவிட்டு வையுங்கம்மா.
சிவப்பு.
ஐந்து வயதில் இலை சுருட்டத் தொடங்கிய விரல்,
ரேகை எந்தக் கட்டோடு போனதோ.
இடது கை. சிவப்பு.
நடு விரல். சிவப்பு.
உயிரோடு இருப்பதற்கு வேறு வழி உண்டா என்று
அந்தப் பிள்ளை உள்ளே கேட்கப் போனது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.
அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"நூத்திப் பதினேழுதானவே உமக்கு?"

"ஆமா."

"நூத்தி நாப்பத்திரெண்டு சீட்டுக்குக் கத்தினீரு.
எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்.
தொண்டை கட்டலையா?"

கட்டியது என்றேன்.
மூன்று நாள் சுக்குக் கஷாயம் குடித்தேன் என்றும் சொன்னேன்,
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
குடையை எடுத்து அந்தப் பக்கம் சாத்திக்கொண்டாள்.

அதற்குள் என்னைக் கூப்பிட்டார்கள்.
விரல் படுமுன்பே
பச்சை.